அடி வாங்க வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மஸ்கெலியா பஜாரில் முஹ்ஸினுடைய வாப்பாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில், மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு குழந்தையைக் கொன்றார்கள்.

பயப்படாதீர்கள், கண்ணுகளா. விளையாட்டில்தான். ஆனால் விளையாட்டுதானே என்று நானும் விட்டுவிடப் போவதில்லை. சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விளையாட்டுக்குத் தாயம் போலவோ கேரம் போலவோ பலகை கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசுவார்கள். கதவைத் திறக்கிறேன், சண்டை போடுகிறேன், பொய் சொல்லித் தப்பிக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு கட்டை சொல்லும். உருட்டிப் பெரிய எண் விழுந்தால் காரியம் ஆகும். சின்னது விழுந்தால் கெடும்.

கதையை நடத்துகிறவன் தர்ஷன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் திருத்துகிறான். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இன்டர்நெட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவனுடைய கதை நம் நீர்த்தேக்கத்துக்கு அடியில் நடக்கும். அணை கட்டினபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனதும், வறட்சி வந்தால் பழைய கோயில் வெளியே தெரிவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தர்ஷன் கதையில் அந்த டவுன் இன்னும் உயிரோடு இருக்கும். கடைகளில் விளக்கு எரியும். மற்ற மூன்று பேரும் தண்ணீருக்குள் இறங்கி அங்கே தொலைந்த ஒரு மணியைத் தேட வேண்டும்.

முஹ்ஸின் ஒரு யானைப்பாகன். நாகலெட்சுமி, எல்லாரும் நாகா என்று கூப்பிடுகிற பெண், எந்தப் பூட்டையும் திறக்கிற திருடி. கஜேந்திரன் வேலன் என்ற பூசாரி. சாதாரணப் பூசாரி இல்லை. வேலனுடைய மண்டைக்குள் இன்னொருவன் இருந்தான். அவனுக்கு "மத்தவன்" என்று பேர். கஜேந்திரன் அதைக் கேட்டு வாங்கினான், தர்ஷன் அதற்கென்று ஒரு சட்டமும் போட்டுக் கொடுத்தான். கட்டையில் ஐந்தோ அதற்குக் கீழோ விழுந்தால் மத்தவன் வருவான். பக்கத்தில் யார் நின்றாலும் வெட்டுவான்.

அன்றைக்கு விழுந்தது மூன்று.

"மத்தவன் வர்றான்டோய்!" என்று முஹ்ஸின் மேசையைத் தட்டினான்.

கஜேந்திரன் தலையைத் தொங்கப்போட்டான். மெதுவாக நிமிர்ந்தான். கண்ணை மேலே சொருகிக்கொண்டு, வாயைக் கோணி, கரகரத்த குரலில் கேட்டான்: "பக்கத்துல யாரு?"

"வழி காட்ட வந்த சின்னப் புள்ளைதான் பக்கத்துல நிக்குது," என்றான் தர்ஷன்.

"அப்ப அதைத்தான்."

"டேய், பாவம்டா!" முஹ்ஸின் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தர்ஷன் அந்தக் குழந்தை எப்படி விழுந்தது என்று நீட்டி விவரித்தான். கதை நடத்துவதில் அவன் கெட்டிக்காரன், அதனால் அது நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

நாகா கேட்டாள்: "அவன் ஏன் எப்பவும் வெட்டவே வர்றான்?"

"பின்ன, கொழுந்து பறிக்கவா வருவான்?" என்றான் கஜேந்திரன்.

சிரிப்பு.

"கேக்குறேன்ல. ஏன்?"

"மண்டைக்குள்ள ரெண்டு பேரு இருந்தா ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் லூசு. அவ்வளவுதான் நாகா. நீ படமே பாக்குறதில்லையா?"

நாகா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆகவில்லை.

இனி நாகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா அவள் பொறுப்பு. காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கும் முன்னால் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மலையிலிருந்து ஓடிவருவார்கள். மற்ற நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகள் நாகாவின் பிள்ளைகள். எது தொட்டிலை ஆட்டினால் தூங்கும், எது ஆட்டினால் அழும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலையை அவள் உயிராக வைத்திருந்தாள்.

அவளுக்குள் இன்னொருத்தி இருந்தாள்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு, நாகாவின் அப்பா கசிப்புக் குடித்துவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுவான். சின்னப் பெண் எங்கே ஓடுவாள்? லயத்து வரிசையின் கடைசியில் தொங்கல் காம்பரா, ஒரே அறை, ஒரே கதவு. அதனால் அவள் உள்ளுக்குள்ளேயே ஓடிப்போனாள். முதல் அடி விழும் முன் நாகா அங்கே இருக்க மாட்டாள். அந்த இடத்தில் ராக்காயி இருப்பாள். ராக்காயி அழமாட்டாள், கெஞ்சமாட்டாள், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். எல்லாம் முடிந்த பிறகு நாகா திரும்பி வருவாள். முதுகு ஏன் எரிகிறது என்று அவளுக்குத் தெரியாது.

அப்பா செத்துப்போய் வருசக்கணக்காகிவிட்டது. ராக்காயி போகவில்லை. எங்கேயாவது கதவு படாரென்று சாத்தினாலோ, ஓர் ஆம்பளை குரலை உயர்த்தினாலோ சில வேளை வந்துவிடுவாள். வந்தால் நேராக உட்காருவாள், குரல் கொஞ்சம் இறங்கும், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்பாள். பிள்ளைக் காம்பராவிலும் வந்திருக்கிறாள். வந்து தொட்டிலை ஆட்டியிருக்கிறாள். பிள்ளைகள் தூங்கின.

நுவரெலியாவில் ஒரு டாக்டரம்மாவிடம் நாகா மாசா மாசம் போய்வந்தாள். அந்த அம்மா ராக்காயியோடும் பேசினாள். ராக்காயி சொன்னதை நாகாவுக்குச் சொன்னாள். "அவங்க உங்களுக்கு விரோதி இல்ல. உங்களக் காப்பாத்தினவங்க," என்றாள். நாகாவுக்குத் தன்னைப் பற்றி வெட்கப்படாமல் இருக்க அந்த ஒரு வார்த்தை உதவியது. ஆனாலும் தோட்டத்தில் ஒருத்தருக்கும் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? ஒரு தாய் வாயைத் திறந்தால் போதும், வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அவளுக்குப் பிடித்ததற்கும் அதுதான் காரணம். அந்த மேசையில் எல்லாருமே வேறு ஆள் ஆனார்கள், யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. அவளும் தானாக விரும்பி இன்னொருத்தி ஆகி, தானாகவே திரும்பி வந்தாள். அங்கே போய்த்தான் கஜேந்திரன் கண்ணைச் சொருகிக் காட்டினான்.

அடுத்த ஞாயிறு ஒரே மழை. கஜேந்திரன் ஹட்டனில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்கிறான், அங்கிருந்துதான் வரவேண்டும். நோர்வூட்டுக்கு இந்தப் பக்கம் மண் சரிந்து பஸ் நிற்கிறது என்று போன் போட்டான். வராதவனுடைய ஆளைப் பக்கத்தில் இருக்கிறவர் ஆடுவது அந்த மேசையில் வழக்கம்.

"நாகா, வேலனை நீ எடுத்துக்க," என்றான் தர்ஷன்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தண்ணீருக்குள் இருக்கிற கோயிலுக்கு வந்துவிட்டார்கள். காவல்காரன் வேலனைப் பிடித்துத் தூணில் கட்டினான். மணி எங்கே என்று கேட்டுச் சாட்டையை எடுத்தான். கட்டு அவிழ்க்க நாகா கட்டையை உருட்டினாள். நான்கு.

"மத்தவன் வர்..." என்று தொடங்கின முஹ்ஸின் பாதியில் நிறுத்திவிட்டான். ஏனென்றால் நாகா கண்ணைச் சொருகவில்லை. நேராக உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்தாள்.

"வேலன் போயிட்டான். நான் நிக்கிறேன். அடி," என்றாள்.

தர்ஷனுக்குப் புரியவில்லை. "வெட்டலையா?"

"கட்டி வச்சிருக்கே. எதைக் கொண்டு வெட்டுறது? அடி. சத்தமா எண்ணிக்கிட்டு அடி. எப்ப முடியும்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

"ஒண்ணு," என்றான் தர்ஷன் காவல்காரனின் குரலில். "ரெண்டு. மூணு..." நாலு சொல்லும்போது அந்தக் குரல் அவனுடைய சொந்தக் குரலாகிவிட்டது. "போதும் நாகா."

"நீ காவல்காரன். உனக்குப் போதும்னு எனக்கு என்ன தெரியும்?"

முஹ்ஸின் மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "என் யானையை விட்டுத் தூணை இழுக்கிறேன். கட்டை எல்லாம் உருட்ட ஏலாது. இழுத்துட்டேன், முடிஞ்சுது."

"சரி," என்றாள் நாகா. "இப்ப வேலன் வருவான். முதுகு வலிக்கும். ஏன்னு அவனுக்குத் தெரியாது. ஒருத்தரும் சிரிக்காதீங்க. குடிக்க ஏதாவது குடுங்க."

இப்படிப் பேசினது நாகாதான், கண்ணுகளா. ராக்காயி வரவில்லை. டாக்டரம்மா வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நாகா வேலனுக்குக் கொடுத்தாள்.

படிக்கட்டில் யாரோ கை தட்டினார்கள். எப்படியோ வந்து சேர்ந்துவிட்ட கஜேந்திரன், தலையெல்லாம் மழை. எவ்வளவு நேரம் நின்றானோ.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது என் ஆளு இல்லையே. ஏன் நாகா, அவனைக் கோழையாக்கிப் போட்டுட்டே?"

"கோழையா?"

"அடி வாங்கிக்கிட்டு நிக்கிறான். மத்தவன்னா வந்து கிழிக்கணும். அதுதானே கிக்கு."

"உனக்கு ஒருத்தன் கிறுக்குப் பிடிச்சு ஆடுறதைப் பாக்கணும். அவன் எதுக்கு வந்தான்னு கேக்கத் தெரியாது."

"விளையாட்டுக்குப் போய் என்னத்துக்கு இவ்வளவு சூடு? உனக்கு என்னமோ எல்லாம் தெரிஞ்ச மாதிரி..."

"தெரியும்டா!" நாகா எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. "எனக்குள்ளயும் ஒருத்தி இருக்கா. நீ வாயைக் கோணுற மாதிரி அவ கோணமாட்டா. நான் வாங்க வேண்டிய அடியெல்லாம் வாங்கினவ அவ. தெரியும். உன்னைவிடத் தெரியும்."

கீழே கடையில் வாப்பா யாருக்கோ சாரி விலை சொல்லிக்கொண்டிருந்தது மேலே கேட்டது.

கஜேந்திரன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்த இடத்தில் வந்தது அனுதாபமா? இல்லை, பயம். "நாகா," என்றான், "எங்க அக்கா புள்ளை உங்கிட்டத்தானே இருக்கு?"

திங்கட்கிழமை காலை பிள்ளைக் காம்பராக் கதவைத் திறந்தால், பிள்ளைகளைத் தொட்டிலில் போடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கஜேந்திரனின் அக்கா ஷாமிலா கடைசியில் நின்றாள். அவள் நாகாவைப் பார்க்கவில்லை.

தாய்மார் இரண்டு பிரிவாக நின்றார்கள். ஒரு பிரிவு பிள்ளையைக் கொடுக்க மாட்டோம் என்றது. "வேற ஆளா மாறுறப்ப புள்ளையைத் தூக்கிப் போட்டுட்டா?" என்றது. இன்னொரு பிரிவு இருக்கிறதே, அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர்கள் கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், மஞ்சள் தண்ணி. முன்னால் நின்றது காளியாயி. நாகாவின் காம்பராவுக்கு அடுத்த காம்பரா, நாகா பிறந்ததிலிருந்தே அடுத்த காம்பரா.

"தாயி," என்று காளியாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "இத்தனை நாளா எங்ககிட்ட மறைச்சிட்டியே. ஆத்தா உம்மேல இறங்கியிருக்காளாமே."

"என்னது?"

"குரல் மாறுது, உக்காருற விதம் மாறுதுன்னா அது யாரு? ஆத்தாதான். என் மகன் கட்டார்ல இருந்து எப்ப வருவான்னு ஒரு வாக்குச் சொல்லு."

"எனக்கு அரசாங்கம் கட்டித் தர்றேன்ன அந்தத் தனி வீட்டுக் கதை," என்றாள் பின்னால் ஒருத்தி. "பேர் போட்டுக்கிட்டுப் போனாங்க, ஆளே வரல."

"லொத்தர் சீட்டு நம்பர் சொல்லுவாளா கேளு," என்றது இன்னொரு குரல்.

"சும்மா இரு, சாமி குத்தமாயிரும். முதல்ல கட்டார்."

நாகாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பக்கம் அவளைப் பேய் என்கிறார்கள், ஒரு பக்கம் சாமி என்கிறார்கள். இரண்டு பக்கமும் அவளைத் தாண்டி எதையோ பார்க்கிறார்கள். மேல்மாடியில் கஜேந்திரனும் அதைத்தான் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போங்க இதையெல்லாம்!" என்று கத்தினாள். கத்தினதும் காரியம் கெட்டுப்போனது. பிள்ளைகள் அழுதன. கத்துறா பாரு என்று ஒரு பிரிவும், ஆத்தா கோபிக்கிறா என்று மறு பிரிவும் பின்வாங்கின.

தொழிலாளர் நலன் பார்க்கிற தோட்டத்து வெல்பயர் ஐயா வந்தார். நல்ல மனிதர்தான், தலைவலி பிடிக்காத மனிதர். "தங்கச்சி, நீங்க கொஞ்ச நாளைக்கு லீவு போடுங்க. தாய்மார் ஒத்துக்கிட்டா எனக்கு ஒண்ணுமில்ல. பௌர்ணமிக்கு லீவுதானே, அந்தப் போயா அன்னைக்கு எல்லாரையும் கூப்பிடுவோம். அவங்க வேணாம்னா நான் என்ன செய்ய?" என்றார்.

அன்று பின்னேரம் காளியாயி நாகாவின் கதவைத் தட்டினாள். கையில் கற்பூரத் தட்டு இல்லை, ஒரு கிண்ணத்தில் ரொட்டியும் சம்பலும் இருந்தன.

"சாப்பிடு. நான் சொல்றதைக் கேளு. போயா அன்னைக்குக் கோடாங்கியைக் கூப்பிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"உடுக்கடிச்சுப் பாத்தா சாமியா பேயான்னு தெரிஞ்சிரும். நீ ஆடு. சாமின்னு ஆயிட்டா இந்தத் தோட்டத்துல எவளும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டா. வெல்பயர் ஐயாவே வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருவாரு. உன் வேலை உன்கிட்டயே இருக்கும்."

"எனக்குச் சாமி வராதுங்க."

"யாருக்குத்தான் தானா வருது?" காளியாயி குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் ஆடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தர்ஷனும் அதையேதான் சொன்னான். முஹ்ஸினும் அவனும் லயத்துக்கே வந்திருந்தார்கள். "வெளிய போய்ச் சொன்ன கஜேந்திரனை நாங்க சும்மா விடல. அது வேற கதை. ஆனா அந்த அம்மா சொல்றது நல்ல வழி, நாகா. உன் அளவுக்கு வேடத்துக்குள்ள போற ஆளை நான் பார்த்ததில்ல. ஒரு நாள். ஒரே ஒரு ஆட்டம்னு நினைச்சுக்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி ஆடணும். கட்டாருக்கு வாக்குச் சொல்லணும். ராக்காயி அடி வாங்கினதுக்கு இவங்க மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க. அதை நான் வாங்கிக்கணும். அப்படித்தானே?"

முஹ்ஸின் மட்டும் சொன்னான்: "உனக்கு ஏலாதுன்னா ஆடாத. ஆனா வேலை போயிரும் நாகா. அதை யோசிச்சுக்க."

யோசித்தாள். போயா வரைக்கும் அதைத்தான் யோசித்தாள். நீங்கள் நினைக்கிற மாதிரி உறுதியாக ஒன்றும் இல்லை. அடுப்பங்கரையில் நின்று, அம்மன் எப்படிப் பேசுவாள் என்று தனக்குள் பேசிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

போயா அன்று பிள்ளைக் காம்பரா முற்றத்தில் லயமே கூடியிருந்தது. வெல்பயர் ஐயாவுக்கு உட்கார ஒரு கதிரை. கோடாங்கி அக்கரப்பத்தனையிலிருந்து வந்த ஆள், வெற்றிலை வாயோடு உடுக்கைத் தட்டிச் சுருதி பார்த்தார். சாம்பிராணி போட்டார்கள். தர்ஷனும் முஹ்ஸினும் வேலியோரம் நின்றார்கள். கஜேந்திரனும் வந்திருந்தான், அவர்களிடமிருந்து தள்ளி. ஷாமிலா பிள்ளையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

உடுக்குத் தொடங்கியது. முதலில் மெதுவாக. பிறகு வேகமாக. பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் தானாகத் தவிக்கும். நாகாவின் காலும் தவித்தது.

"முடியை விரிச்சு விடு தாயி," என்று காளியாயி காதோரம் சொன்னாள். "லேசாத் தலையை ஆட்டு. போதும்."

நாகா சுற்றிலும் பார்த்தாள். அத்தனை முகங்களும் அவளுடைய தலை எப்போது ஆடும் என்று காத்திருந்தன. கஜேந்திரன் கட்டையை உருட்டிவிட்டால் மேசையைச் சுற்றி இப்படித்தான் காத்திருப்பார்கள். அவள் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். யாரோ "ஆத்தா!" என்று விம்மினார்கள். நாகா கொண்டையை அவிழ்த்து, திரும்ப இறுக்கி முடிந்துகொண்டாள்.

"நிப்பாட்டுங்க," என்றாள்.

கோடாங்கி நிறுத்தவில்லை. "பேசுறது யாரு? ஆத்தாவா? கருப்பா?"

"நாகலெட்சுமி பேசுறேன். நிப்பாட்டுங்க ஐயா. கை வலிக்கப் போகுது."

உடுக்கு நின்றது. வெற்றிலையை மென்றபடி கோடாங்கி அவளை முதல் முறையாக ஆளாகப் பார்த்தார்.

"எனக்குள்ள இருக்கிறவ பேரு ராக்காயி," என்றாள் நாகா. "அவ சாமியும் இல்ல, பேயும் இல்ல. அவகிட்ட வாக்கு ஒண்ணும் கிடையாது. எங்கப்பா பெல்ட்டைக் கழட்டுறப்ப நான் ஓடிருவேன். அவ வந்து நிப்பா. அடி வாங்குறதுக்குத்தான் அவ வந்தா. வேற எதுக்கும் வரல. அவ ஒரு ஆளை அடிச்சதில்ல. ஒரு புள்ளைய அதட்டினதில்ல."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சுக் கொட்டல்தான் அவளை எரிய வைத்தது என்று நினைக்கிறேன்.

"உச்சுக் கொட்டாதீங்க! இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி உச்சுக் கொட்டாதீங்க. லயத்துச் சுவரு எவ்வளவு மெல்லிசு? அடுத்த காம்பராவுல ஒருத்தர் இருமினா கேக்கும். கடுகு வெடிச்சா கேக்கும். பெல்ட்டுச் சத்தம் மட்டும் கேக்கலையா? ஒருத்தராவது வந்து கதவைத் தட்டினீங்களா? நீங்க தட்டியிருந்தா ராக்காயி வந்தே இருக்கமாட்டா. இப்ப தட்டு எடுத்துக்கிட்டு வர்றீங்க. கட்டார்ல இருந்து மகன் எப்ப வருவான்னு அவகிட்ட வந்து கேக்குறீங்க."

அவள் யாரையும் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. காளியாயி கையிலிருந்த தட்டு சாய்ந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு போனது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"குடும்பத்து விசயம்னு..." என்று காளியாயி தொடங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள். அவளோடு நாலைந்து பேர் போனார்கள். போகும்போது ஒருத்தி, "சாமியை வேணாங்கிறாளே, விளங்குவாளா?" என்றாள். நாகா காதில் நன்றாகவே விழுந்தது.

கண்ணுகளா, அவள் பேசினதும் எல்லாரும் மனசு மாறி ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முற்றத்தில் மிச்சம் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் பாதிப் பெண்களுக்குத் தங்கள் முதுகு ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

வெல்பயர் ஐயா தொண்டையைச் செருமினார். "அப்ப தாய்மார் என்ன சொல்றீங்க? தீர்மானம் ஒண்ணு வேணுமே."

பிறகு ஷாமிலா முன்னால் வந்தாள். அவள் புருசனும் கூட்டத்தில்தான் நின்றான். அவனைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. தாண்டி வந்தாள்.

"நான் பேசலாமா ஐயா?"

"பேசுங்க."

"எனக்கு நாகாகிட்ட ஒண்ணு கேக்கணும்." திரும்பினாள். "அவ வந்தா, அந்த ராக்காயி, என் புள்ளை அழுதா என்ன செய்வா?"

"தூக்குவா."

"எப்படி?"

"தோள்ல போட்டு முதுகைத் தடவுவா. பேசமாட்டா. அவ்வளவுதான்."

ஷாமிலா அதை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், ஒரு மருந்தைக் கொடுக்கும் முன் அதன் விவரம் கேட்கிற தாய் மாதிரி. பிறகு பிள்ளையை மார்பிலிருந்து பிரித்து நாகாவிடம் நீட்டினாள். "சரி. புடி. நாளைக்கு விடியக் கொண்டாருவேன், இன்னைக்கு எனக்குக் கை அசந்துபோச்சு."

"அக்கா!" கஜேந்திரன் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினான். "யோசிச்சுச் செய்யி!"

"நீ வாயைப் பொத்துடா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை புள்ளையை வெட்டுறவன் நீதானாம். போன் திருத்துற தம்பி எல்லாம் சொல்லிருச்சு."

சிரிப்பு கிளம்பியது, சின்னதாக. அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாரும் இல்லை. சில தாய்மார் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள், மறுநாளும் அவர்கள் பிள்ளைகள் வரவில்லை. வெல்பயர் ஐயா வந்த தலைகளைப் பார்த்தார், வராத தலைகளைப் பார்த்தார், "இருக்கிற பிள்ளைகளுக்கு ஆள் வேணும்தானே," என்று சொல்லிக் கதிரையை மடித்தார். நாகாவின் வேலை நாகாவிடமே இருந்தது. பெரிய வெற்றியாக ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. கோபமும் அடங்கவில்லை. அடங்கியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

கூட்டம் கலைந்த பிறகு, ஷாமிலாவின் பிள்ளையை உள்ளே தொட்டிலில் போட்டுவிட்டு வந்த நாகாவை வாசலில் கஜேந்திரன் மறித்தான். தர்ஷனும் முஹ்ஸினும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், தேவைப்பட்டால் வருகிற தூரத்தில்.

"நாகா. நான்... அக்கா புள்ளைன்னு பயந்துட்டேன். அதான் சொல்லிட்டேன்."

"பயந்தா என்கிட்ட கேட்டிருக்கணும். உன் அக்கா கேட்டா பார், அந்த மாதிரி."

"சாரி."

அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வருவியா?" என்றான்.

"வருவேன். ஏன் வராம? நான் ஒண்ணும் தப்புச் செய்யல." நாகா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா வேலனை என்கிட்ட குடுத்துரு. நீ வேற ஆள் எடு."

"அது நான் உண்டாக்கின ஆளு நாகா."

"ஆமா. உண்டாக்கி அவனைக் கொண்டு புள்ளையை வெட்ட வச்சவன் நீ. குடு."

"வேணும்னா மாத்திக்கிறேன். வெட்டாம ஆடுறேன்."

"உனக்கு அவனைத் தெரியாது. குடு."

கஜேந்திரன் வேலியோரம் நின்ற தர்ஷனைப் பார்த்தான். தர்ஷன் உதவிக்கு வரவில்லை. கஜேந்திரன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே ஷாமிலாவின் பிள்ளை விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது. அவன் பதிலுக்குக் காத்திராமல் நாகா உள்ளே போய், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே பாதிக் கதவைச் சாத்தினாள்.